ஃபிரிட்ஜில் வைத்த சாதம்: விறைப்பது எதனால், கெடுவது எதனால்

பெங்களூரில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வேளைக்கு மட்டும் சாதம் வைப்பது குறைந்துவிட்டது. ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் டிராஃபிக்கில் ஊர்ந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு சேருகிறவர்கள் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி கூடவே போடுகிறார்கள். மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகும். மறுநாள் காலை அது எலுமிச்சை சாதமாகவோ தயிர் சாதமாகவோ ஆபீஸ் டப்பாவில் ஏறும். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பமானாலும், போன வருஷம் மதுரையிலிருந்து வந்து நண்பர்களோடு வாடகை வீட்டில் சமைத்துச் சாப்பிடும் பிள்ளைகளானாலும், இந்த ஏற்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்படி எடுத்து வைத்த சாதத்தைப் பற்றி வீடுகளில் இரண்டு புகார்கள் உண்டு: விறைத்துப் போகிறது, ஊசிப் போகிறது. இரண்டும் ஒரே கெடுதலின் இரண்டு படிகள் என்று பலர் நினைக்கிறார்கள். பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, விறைப்பாக இருந்தால் பழசு, மெத்தென்று இருந்தால் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். இந்தச் சோதனையை நம்பக் கூடாது. விறைப்பது மாவுச்சத்தின் வேலை, ஊசுவது கிருமிகளின் வேலை. நன்றாக விறைத்த சாதம் முழுக்கப் பாதுகாப்பாக இருக்கலாம். மெத்தென்று, வாடையே இல்லாமல் இருக்கும் சாதம் வாந்தியைக் கொண்டுவரலாம். ஆனால் இரண்டும் சந்திக்கிற ஓர் இடம் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சாதம் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதுதான் அது. ஃபிரிட்ஜ் சாதத்தின் தரம் பெருமளவுக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் விறைப்பைப் பார்ப்போம். அரிசி மணியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்து. அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மூலக்கூறுகள் அதில் உண்டு. அமைலோஸ் கிட்டத்தட்ட கிளையே இல்லாத நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்த மிகப் பெரிய மூலக்கூறு. வேகாத அரிசியில் இவை சிறு துகள்களுக்குள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உலையில் சூடு 60, 70 டிகிரியைத் தாண்டும்போது அந்த அடுக்கு குலைகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது, துகள்கள் உப்புகின்றன. 12 முதல் 14 சதவீதம் ஈரத்தோடு பானைக்குள் போன அரிசி, வெந்து வரும்போது 60 முதல் 70 சதவீதம் தண்ணீராக இருக்கிறது. சாதத்தின் மென்மை என்பது இந்தக் குலைந்த நிலையும் அதற்குள் தங்கிய தண்ணீரும்தான்.

ஆற ஆற அந்த மூலக்கூறுகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்து அடுக்காக அமையப் பார்க்கின்றன. அரிசியில் இருந்த பழைய அடுக்கு திரும்ப வருவதில்லை, புதிதாக வேறோர் இறுக்கம் உண்டாகிறது. உணவு அறிவியலில் இதை ரெட்ரோகிரேடேஷன் என்கிறார்கள். அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். அமைலோபெக்டின் நிதானமாக, நாள்கணக்கில் இறுகும். ராத்திரி வைத்த சாதம் காலையில் கொஞ்சம் விறைப்பாகவும், மூன்றாம் நாள் உதிர்த்தாலே பொடிகிற அளவிலும் இருப்பதற்கு இந்த இரண்டு வேகங்கள்தான் காரணம். இறுகும்போது மாவுச்சத்து தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு பகுதியை வெளியே தள்ளும். டப்பாவின் அடியில் ஈரம் கசிந்திருக்க, பருக்கை மட்டும் வறண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த இறுக்கம் எந்த வெப்பநிலையில் வேகமாக நடக்கிறது என்பதுதான் முக்கியம். இது இரண்டு படியாக நடக்கிறது. முதலில் அங்கங்கே சிறு அடுக்குகள் தோன்ற வேண்டும், பிறகு அவை பெரிதாக வேண்டும். குளிர் கூடக் கூடத் தோன்றுவது எளிது, சூடு கூடக் கூட வளர்வது எளிது. தண்ணீர் உறைந்துபோனால் மூலக்கூறுகள் நகரவே முடியாது, அதனால் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உறையாத சாதம் மிக வேகமாக விறைப்பது 4 டிகிரியை ஒட்டித்தான். அதாவது நம் ஃபிரிட்ஜ் எந்த வெப்பநிலையில் ஓட வேண்டுமோ, சரியாக அங்கே. கிருமிகளிடமிருந்து காப்பாற்றுகிற அதே குளிர் பருக்கையின் மென்மைக்குப் பகை. ஃபிரிட்ஜில் வைத்த சாதத்தைப் பற்றிய எல்லாக் குழப்பமும் இந்த ஒரு முரணிலிருந்து வருகிறது.

சூடாக்கினால் மெத்தென்று ஆகிறதே என்றால், ஆமாம், பாதி ஆகும். அமைலோபெக்டினின் புது அடுக்கு சுமார் 60 டிகிரியில் கரைந்துவிடும். அமைலோஸ் அடுக்கு கரைய 100 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே மைக்ரோவேவிலும் இட்லிப் பானை ஆவியிலும் அது அசையாது. வெளியே போன தண்ணீரும் தானாகத் திரும்பாது. அதனால்தான் சூடாக்கும் முன் கைத் தண்ணீர் தெளித்து மூடி வைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று: சூடாக்கிய சாதத்தை உடனே சாப்பிட வேண்டும். காலை எட்டு மணிக்குச் சூடாக்கிக் கட்டிய டப்பாவை மதியம் ஒன்றரைக்குத் திறந்தால், அதற்குள் ஆறி மறுபடி விறைக்கத் தொடங்கியிருக்கும். ஆபீஸில் மைக்ரோவேவ் இருக்கிறதென்றால் காலையில் சூடாக்காமல், குளிர்ச்சியாகவே எடுத்துப்போய் அங்கே ஒரே தடவை சூடாக்குவது சாதத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது. அங்கே போனதும் அதை ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்க மறக்கக் கூடாது.

எந்த அரிசி என்பதும் பெரிய விஷயம். அமைலோஸ் கூடுதலாக உள்ள அரிசி உதிரியாக வேகும், ஆறினால் சீக்கிரம் விறைக்கும். குறைவாக உள்ளது ஒட்டும், ஆனால் நெடுநேரம் மெத்தென்று இருக்கும். உலக அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 20 முதல் 25 வரை நடுத்தரம், 25க்கு மேல் அதிகம் என்று பிரிக்கிறார்கள். பாஸ்மதி நடுத்தரம். ஜப்பான்காரர்களின் அரிசி குறைவு. நம் பக்கம் விரும்பிச் சாப்பிடும் அரிசிகள் பெரும்பாலும் நடுத்தரத்திலும் அதற்கு மேலும் இருப்பவை, ஏனென்றால் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் பருக்கை தனித்தனியாக நிற்க வேண்டும் என்பது நம் நாக்கின் தேவை. அதே குணம்தான் ஃபிரிட்ஜில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. பெங்களூர் மளிகைக் கடைகளில் சோனாமசூரி கேட்டால் 'ரா'வா 'ஸ்டீமா' என்று கேட்பார்கள். ரா என்பது பச்சரிசி, ஸ்டீம் என்பது நெல்லாக இருக்கும்போதே ஆவி காட்டியது. நம் ஊர்ப் புழுங்கலரிசி நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து எடுப்பது. அவித்துக் காயவைக்கும்போதே மாவுச்சத்து ஒரு தடவை குலைந்து இறுகிவிட்டது. அதனால் புழுங்கலரிசிச் சாதம் சுடச்சுட இருக்கும்போதே சற்று உறுதியாகத்தான் இருக்கும், மறுநாள் எடுத்தால் பச்சரிசி போல ஒட்டிக் கட்டியாகாமல் உதிரும். அடுத்த நாளுக்குத் தாளித்துச் சாப்பிடத்தான் எடுத்து வைக்கிறோம் என்றால் புழுங்கல் அல்லது ஸ்டீம் நல்லது என்பது என் கருத்து. தயிர் சாதத்துக்கு என்றால் பச்சரிசியைக் கொஞ்சம் தண்ணீர் கூட விட்டுக் குழைய வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆறவைக்கும் வேகத்துக்கு வருவோம். குக்கரில் வைத்த பாத்திரத்தை அப்படியே மேடையில் மூடி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்காருவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. சாதம் வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். நடுவில் இருக்கும் சூடு வெளியேற ஆகும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாத்திரத்தில் நிற்கும் சாதத்தை 2.5 சென்டிமீட்டராகத் தாம்பாளத்தில் பரப்பினால், கணக்குப்படி பதினாறில் ஒரு பங்கு நேரம் போதும். நடைமுறையில் காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டை வாங்கிக்கொள்ளாது என்பதால் முழுப் பலன் கிடைக்காது. ஆனாலும் மணிக்கணக்கில் ஆக வேண்டியது அரை மணியை ஒட்டி முடிந்துவிடும். மேலாக நிற்கும் ஆவி பறந்துவிடுவதால் பருக்கையின் மேற்பரப்பும் உலரும். சூட்டோடு மூடி வைத்தாலோ அதே ஆவி மூடியில் நீர்த்துளியாகி மேலேயே சொட்டி, மேல் சாதம் நொசநொசவென்று ஆகிவிடும்.

இது நமக்குப் புது அறிவு இல்லை. புளியோதரைக்குச் சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, விசிறி ஆறவைத்துத்தான் புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும் என்று எந்தச் சமையல்காரரும் சொல்வார். கல்யாணச் சமையலில் அண்டாச் சாதத்தைப் பரப்பி வைப்பதும் இதே கணக்குத்தான். எண்ணெய் பருக்கைகளைப் பூசி ஒட்டாமல் பிரிக்கிறது. கொழுப்பு அமிலங்கள் அமைலோஸ் சங்கிலியின் சுருளுக்குள் நுழைந்துகொண்டால், அந்தச் சங்கிலி மற்றவற்றோடு சேர்ந்து இறுகுவதும் குறைகிறது. அப்புறம் புளியின் அமிலம் கிருமிகளை அடக்குகிறது. வழிப்பயணத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தவர்கள் மூன்று காப்புகளை ஒரே பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தார்கள்.

சரி, கிருமிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது, நெல்லோடு வீட்டுக்கு வருவது. சூழல் ஒத்துவராதபோது அது வித்தாக (ஸ்போர்) மாறி உறங்கிவிடும். கொதிக்கும் நீர் அந்த வித்துகளை முழுதாக அழிக்காது. குக்கரின் அழுத்தச் சூட்டில் பெரும்பகுதி போகும், ஆனால் மொத்தமும் போயிற்று என்று நம்ப முடியாது. கரண்டியிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் புதிதாகவும் வந்து சேரும். சாதம் வெதுவெதுப்புக்கு இறங்கியதும் வித்துகள் முளைக்கின்றன. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுமார் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஐந்து மணி நேரம் போனால் ஆயிரம் மடங்கு. பெருகும்போது சில வகைகள் செரியூலைடு என்ற நஞ்சைச் சாதத்திலேயே விட்டுவைக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவது இதனால்தான். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. 'நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன், இனி ஒன்றும் செய்யாது' என்கிற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது. மறுசூடு கிருமியைக் கொல்லும், அது விட்டுப்போன நஞ்சைத் தொடாது.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்குத் தொடர்ச்சியாக வாந்தி வந்தபோதுதான் இந்த வகை நோய் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. அங்கே மொத்தமாகச் சாதம் வடித்து, ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டி கட்டியாகி, வாணலியில் முட்டையோடு புரட்ட வராது என்பதால் அப்படிச் செய்தார்கள். விறைப்புக்குப் பயந்து ஃபிரிட்ஜைத் தவிர்த்ததால் வந்த நோய் அது. நம் வீடுகளிலும் 'உள்ளே வைத்தால் விறைத்துவிடும், வெளியிலேயே இருக்கட்டும்' என்று சொல்லும்போது நினைத்துப் பார்க்க வேண்டிய கதை.

பெங்களூரில் இதற்கு இன்னொரு சமாதானமும் சொல்வார்கள்: 'இந்த ஊர் குளிர்ச்சிதானே, ராத்திரி வெளியே வைத்தால் கெடாது.' கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், ஜனவரி ராத்திரிகளில் 15, 16 டிகிரிக்கு இறங்குவது உண்மை. சென்னையில் மே மாத ராத்திரி 28 டிகிரியில் சாதம் காலைக்குள் ஊசி, வாடை அடித்து, தானே எச்சரித்துவிடும். இங்கே வாடை வரத் தாமதமாகும், அவ்வளவுதான். ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றில், செரியூலைடு 12 முதல் 15 டிகிரியில்தான் மிக அதிகமாக உருவானது என்று 2000ல் எழுதியிருக்கிறார்கள். பெங்களூர்க் குளிர் ஃபிரிட்ஜுக்கு மாற்றாகாது. 5 டிகிரிக்குக் கீழேயும் 60 டிகிரிக்கு மேலேயும்தான் சாதத்தை விட்டுவைக்கலாம். இடைப்பட்ட பகுதியை வேகமாகத் தாண்ட வேண்டும். அமெரிக்க உணவுத்துறை விதிப்படி 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். பிரிட்டனில் இன்னும் கண்டிப்பு: முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வை, 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடு.

'சூடா உள்ளே வைக்காதேம்மா' என்று ஊரிலிருந்து ஃபோனில் சொல்லும் அம்மாக்களின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்கப் பெரிய பாத்திரத்தை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் மாவும் சூடாகும், ஃபிரிட்ஜ் மூச்சு வாங்கும். ஆனால் முழுக்கச் சில்லிடும்வரை நான்கு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, படுக்கப்போகும்போது உள்ளே தள்ளுவது அதைவிட மோசம். தட்டில் பரப்பி, மேலாக ஈ மொய்க்காமல் மூடி, ஆவி அடங்கிக் கைச்சூட்டுக்கு வந்ததும், உயரம் குறைந்த டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடலாம். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கதவுப் பக்கம் வேண்டாம், உள்பக்கத் தட்டுதான் குளிர்ச்சி. ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜுக்குள் வறண்ட காற்று சுற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே டப்பா இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவுச்சத்து இறுகுவதோடு ஈரமும் பறந்து, அரிந்த வெங்காயத்தின் வாடையும் ஏறிவிடும்.

அப்படியென்றால் பழைய சாதம்? அது தனி ஏற்பாடு. தண்ணீரில் மூழ்கிய சாதத்தில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன, அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளைத் தடுக்கிறது. சூடான ஊரில் காலைக்குள் இது நடந்துவிடும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரியில் இட்லி மாவே பொங்காமல் சண்டித்தனம் பண்ணுகிறது. பழைய சாதமும் அப்படித்தான், காலையில் நீராகாரம் புளிக்காமலேயே இருக்கும். புளிக்காதவரை அந்தக் காப்பும் இல்லை. சாதம் நன்றாக ஆறிய பிறகு தண்ணீரோடு ஒரு கரண்டி புளித்த மோர் விட்டு வைத்தால் புளிப்பு முந்திக்கொள்ள உதவும். தண்ணீர் ஊற்றி நேராக ஃபிரிட்ஜில் வைத்தால் கிடைப்பது பழைய சாதம் இல்லை. 4 டிகிரியில் அந்த நொதித்தல் நடக்காது.

தயிர் சாதத்தில் நம் சமையல் முறை எவ்வளவு சரியானது என்று பாருங்கள். சாதம் சூடாக இருக்கும்போதே மசித்துப் பால் விடுகிறோம். மாவுச்சத்து குலைந்த நிலையில் இருக்கும்போதே கூடுதல் ஈரத்தையும் கொழுப்பையும் உள்ளே சேர்த்துவிடுகிறோம். ஆறிய பிறகு தயிர். ஃபிரிட்ஜ் சாதத்தைச் சூடாக்காமல் அப்படியே தயிரில் பிசைந்தால் பருக்கை பருக்கையாக நிற்பதற்குக் காரணம், இறுகிய மாவுச்சத்துக்குள் எதுவும் புகாது என்பதுதான். முதலில் ஆவியில் சூடாக்கி, மசித்து, பால் விட்டு, பிறகு ஆறவைத்தால் ஏறக்குறைய புதுச் சாதத்தின் பதம் வரும்.

விறைத்த சாதம் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காது என்பது உண்மை. 2015ல் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆய்வில், புதுச் சாதத்தில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த செரிக்காத மாவுச்சத்து, 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கிய சாதத்தில் 1.65 கிராமாக உயர்ந்தது. சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை ஏறியதும் குறைந்தது. ஆனால் சாப்பிட்டவர்கள் 15 பேர், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். கூடியது 100 கிராமுக்கு ஒரு கிராம். அதே ஆண்டு இலங்கை மாணவர் ஒருவர் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்த தேங்காய் எண்ணெய் முறையும் (உலையில் எண்ணெய் விட்டு வேகவைத்து, 12 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது) 'கலோரி பாதியாகும்' என்ற தலைப்போடு உலகம் சுற்றியது. அந்தப் பாதி, சிறந்த அரிசி வகை கிடைத்தால் எட்டலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. ஃபிரிட்ஜ் சாதம் என்பதால் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கிடைத்ததைவிடப் போனது அதிகம். மாத்திரையையும் இன்சுலினையும் இதை நம்பிக் குறைப்பது ஆபத்து.

ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டும் என்றால் ஃபிரிட்ஜைவிட ஃப்ரீசர்தான் நல்லது. மைனஸ் 18 டிகிரியில் விறைப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, கிருமியும் பெருகாது. ஜப்பானிய வீடுகளில் மிஞ்சும் சாதத்தைச் சூட்டோடு சின்னப் பொட்டலமாகச் சுற்றி உறையவைப்பது சாதாரண வழக்கம். நம் வீடுகளில் ஃப்ரீசரைப் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் விட்டுவிட்டுச் சாதத்தைக் கீழ்த்தட்டில் விறைக்க விடுகிறோம். உறைவது வேகமாக நடக்க வேண்டும், அப்போதுதான் அந்த 4 டிகிரிப் பகுதியைச் சீக்கிரம் தாண்டும், பனித்துகள்களும் சிறிதாக இருக்கும். ஆகவே ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு, விரல் கனத்துக்குத் தட்டையாக, காற்றை வெளியேற்றிய ஜிப் கவரில். பொட்டலங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், உறையும்வரை தனித்தனியாக வைக்க வேண்டும். எடுக்கும்போது ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கி உருக விட்டால், தவிர்த்த விறைப்பை மெனக்கெட்டு வரவழைத்ததாகும். உறைந்த கட்டியை மைக்ரோவேவ் தாங்கும் பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி நேராகச் சூடாக்கலாம், அல்லது இட்லித் தட்டில் துணி போட்டு ஆவி காட்டலாம். நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது என்பதால், பொட்டலம் ஒரு ஆள் அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது.